டைம் போனா தோல்வியா, டிராவா? லீசெஸ் ரிவ்யூ

லீசெஸ்ங்கற ஆன்லைன் செஸ் சைட்ல நாலு வருஷமா தினமும் பிளிட்ஸ், அதாவது சில நிமிஷத்துல முடியற வேகமான செஸ், ஆடறேன். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, 2010ல இருந்து அப்படியேதான் ஓடுது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் எழுத வந்தது ஒரே விஷயம், டைம் முடியற இடத்துல யாருக்கு டிரா குடுக்குது யாருக்கு தோல்வி போடுதுங்கறது. மூணு நிமிஷ கேம் ஆடறவங்களுக்கு இதுதான் உயிர்.

முன்னாடி போன்ல வேற ஒரு ஆப் வெச்சிருந்தேன், பேர் வேண்டாம். எதிராளிகிட்ட ராஜாவும் ஒத்தை பிஷப்பும், என்கிட்ட வெறும் ராஜா. ஒத்தை பிஷப்பால செக்மேட் பண்ணவே முடியாது, அதனால கடைசி காயை வெட்டின நிமிஷமே அது டிரா. ஆனா அங்க கேம் ஓடிக்கிட்டே இருந்துச்சு, எனக்கு பதினொரு செகண்ட், அவருக்கு நாப்பது, நான் ராஜாவை அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நகர்த்தி நகர்த்தி கடைசில டைம் போய் தோல்வின்னு வந்துச்சு. மனசே விட்டுப்போச்சு, அன்னிக்கே அந்த ஆப்பை தூக்கிட்டேன்.

லீசெஸ்ல அப்படி நடக்காது. ராஜாவுக்கு ராஜா, ராஜா கூட ஒத்தைக் குதிரை இல்ல ஒத்தை பிஷப், ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கலர் கட்டத்துல ஓடற பிஷப், எது வந்தாலும் அதே மூவ்ல கேம் முடிஞ்சு டிரா.

நிறைய பேர் கோவப்படறது டைம் போறப்போ. இங்க ஃபிடே, அதாவது சர்வதேச செஸ் சம்மேளனத்தோட ரூல்தான்: டைம் போனா தோல்வி, எதிராளியால எப்படி ஆடினாலும் செக்மேட் வரவே வராதுன்னா மட்டும் டிரா. உங்ககிட்ட எச் வரிசை சிப்பாய் ஒண்ணு, அவர்கிட்ட குதிரை மட்டும்னு வைங்க, உங்களுக்கு டைம் போச்சு, தோல்வி. அநியாயமா தெரியும், ஆனா போர்டுல வெச்சுப் பாருங்க. உங்க கறுப்பு ராஜா எச்1ங்கற கட்டத்துல, சிப்பாய் எச்2ல, வெள்ளை ராஜா எஃப்2ல நின்னு ஜி1, ஜி2 ரெண்டையும் அடைச்சிருக்கு, குதிரை ஜி3க்கு வந்தா செக்மேட். தப்பிக்கிற கட்டத்துல உங்க சிப்பாயே நிக்குது! சிப்பாய் இல்லாம இருந்திருந்தா அது டிரா.

இன்னொண்ணு, அவர்கிட்ட குதிரை, உங்ககிட்ட யானை மட்டும்னாலும் தோல்விதான், ராஜா எச்8, யானை ஜி8, அவர் ராஜா எச்6, குதிரை எஃப்7, முடிஞ்சுது. அதே ஜி8ல ராணி இருந்தா குதிரையை வெட்டிரும், அதனால ராணி மட்டும் இருக்கறவங்களுக்கு டைம் போனாலும் டிரா. இவ்வளவு நுணுக்கமா பார்த்து பண்ணிருக்காங்கன்னு புரிஞ்சப்போ எனக்கு ரொம்ப மரியாதை வந்துச்சு.

இன்னொரு பெரிய செஸ் சைட்டான செஸ் டாட் காம்ல கணக்கு வேற. எதிராளிகிட்ட குதிரை மட்டும்னா உங்ககிட்ட என்ன இருந்தாலும் டிரா, வெறும் ராஜாவுக்கு எதிரா ரெண்டு குதிரை இருந்தாலும் டிரா. லீசெஸ்ல ரெண்டு குதிரைக்கு எதிரா டைம் விட்டா தோல்வி, ஏன்னா வற்புறுத்தி மேட் பண்ண முடியாட்டியும் நாம தப்பா ஆடினா மேட் வரும். ரெண்டுமே எழுதி வெச்ச ரூல்தான், ஒண்ணுல பழகிட்டு இன்னொண்ணுல ஆடப் போறவங்க இதைத் தெரிஞ்சுக்காம போகாதீங்க. எனக்கு பிடிச்சது லீசெஸ் வழிதான், ஏன்னா நேர்ல டோர்னமெண்ட் போனாலும் ஃபிடே ரூல் போடற இடத்துல இதேதான்.

ஒரே பொசிஷன் மூணு தடவை வந்தா இங்க டிரா கேக்கற உரிமை, தானா முடியறது அஞ்சாவது தடவை. செட்டிங்ஸ்ல 'எப்பவும் தானா கேளு'ன்னு ஒண்ணு இருக்கு, அதை முதல்ல போட்டுருங்க, ரெண்டு செகண்ட் கையில இருக்கறப்போ பட்டனைத் தேட முடியாது.

குறைன்னா ஒண்ணுதான். சிப்பாயெல்லாம் முட்டிக்கிட்டு சுவர் மாதிரி நின்னு, ராஜாக்கள் எந்தப்பக்கமும் நுழைய முடியாத பொசிஷன் வரும். ஃபிடே ரூல்படி அதுவும் அந்த நிமிஷமே டிரா, ஆனா இங்க கேம் தானா நிக்காது, ரெண்டு பேரும் டிராவுக்கு ஒத்துக்கணும், ஒருத்தர் பிடிவாதம் பிடிச்சா ஒரே பொசிஷன் மூணு தடவை வர்ற வரைக்கும் நகர்த்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அதுக்கு மட்டும் அரை ஸ்டார் குறைச்சு அஞ்சுக்கு நாலரை.