மோடவுனா, ஸ்டாக்ஸா? இரண்டு சோல் இசை லேபிள்களின் கணக்கு

அறுபதுகளின் அமெரிக்க சோல் இசை (கறுப்பினத்தவரின் சர்ச் பாட்டும் ப்ளூஸும் கலந்த பாட்டு வகை) என்றதும் இரண்டு லேபிள்கள், அதாவது ரெக்கார்டு கம்பெனிகள்தான் முதலில் நினைவுக்கு வரும்: டெட்ராய்டின் மோடவுன், மெம்பிஸின் ஸ்டாக்ஸ். மோடவுன் என்றால் மெருகு, ஸ்டாக்ஸ் என்றால் கரடுமுரடு என்று ஒரே வரியில் பிரித்துவிடுவது வழக்கம். அது பொய்யில்லை. ஆனால் ஒன்று கோடிகளுக்கு விலைபோனதும் இன்னொன்று திவாலானதும் ஏன் என்று அந்த வரியை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. என்னைக் கேட்டால், ஒலியில் இருந்ததைவிடப் பெரிய வித்தியாசம் ஒப்பந்தத் தாளில் இருந்தது. பாட்டு யாருக்குச் சொந்தம், மாஸ்டர் டேப், அதாவது மூலப் பதிவு, யாருக்குச் சொந்தம் என்பதில் மோடவுன் முதல் நாளிலிருந்தே கறாராக இருந்தது. ஸ்டாக்ஸ் அதை யோசிக்கும்போது காலம் கடந்துவிட்டது.

மோடவுனைத் தொடங்கிய பெர்ரி கார்டி, கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதற்கு முன் அவர் வைத்திருந்த ஜாஸ் ரெக்கார்டு கடை நொடித்துப்போயிருந்தது. பிறகு ஜாக்கி வில்சன் என்ற பாடகருக்குப் பாட்டு எழுதினார். பாட்டு ஹிட்டானாலும் எழுதியவன் கைக்கு வருவது சொற்பம்தான் என்பதை அப்போது கண்ணால் பார்த்தார். 1959 ஜனவரியில் குடும்பச் சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி லேபிளைத் தொடங்கினார். வெஸ்ட் கிராண்ட் புலவார்டு 2648-ஆம் எண் வீட்டை வாங்கி, 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று பலகை மாட்டினார். பாட்டுகளின் உரிமைக்கு ஜோபெட் என்று தனிக் கம்பெனி வைத்துக்கொண்டார். ஒரு கறுப்பின முதலாளி அந்தக் காலத்தில் இத்தனையையும் தன் கையில் வைத்திருந்தது சாதாரண விஷயமில்லை.

மெம்பிஸில் ஜிம் ஸ்டூவர்ட் வங்கி ஊழியர். நாட்டுப்புறக் கன்ட்ரி இசையில் பிடில் வாசிக்கும் வெள்ளைக்காரர். 1957-இல் தன் லேபிளைச் சாட்டிலைட் என்ற பெயரில் தொடங்கினார். அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தன் வீட்டை அடமானம் வைத்து ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார். 1960-இல் ஈஸ்ட் மெக்லெமோர் அவென்யூவில் மூடிக் கிடந்த கேபிட்டல் தியேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். அடுத்த வருடம் ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஸ்டாக்ஸ்' ஆனது. இருவருக்கும் கறுப்பின இசை அதுவரை அவ்வளவாகத் தெரியாது. அந்தத் தெருவின் பிள்ளைகள் உள்ளே வந்துதான் அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்தத் தியேட்டரில் இருக்கைகளைப் பிடுங்கினார்களே தவிர, சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். எல்லோரும் ஒரே அறையில் நின்று ஒன்றாக வாசிப்பார்கள். நோட்ஸ் எழுதி வைப்பதெல்லாம் பெரும்பாலும் கிடையாது. ஊதுகருவிக்காரர்கள் தங்கள் பகுதியை அங்கேயே முணுமுணுத்து முடிவு செய்வார்கள். ஸ்டாக்ஸ் ரெக்கார்டுகளில் கேட்கும் அந்த விசாலமும், டிரம்ஸ் ஒரு நூல் பிந்தி விழுவது போன்ற உணர்வும் இந்த முறையில்தான் வந்தன. மோடவுனின் ஸ்டுடியோவோ குறுகலான அறை. தாளக்குழு முதலில் பதிவு செய்யும், அதன் மேல் குரல், டாம்பரின், வயலின் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கலவை முடிந்ததும் கார் ரேடியோவில் இருக்கிற மாதிரிச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். ஏனென்றால் இளைஞர்கள் பாட்டு கேட்டது காரில்.

1966-இல் வந்த இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதலில் மோடவுனின் ஃபோர் டாப்ஸ் குழு பாடிய 'ரீச் அவுட் ஐ'ல் பி தேர்'. அதன் முதன்மைப் பாடகர் லீவை ஸ்டப்ஸ் இயல்பிலேயே கனத்த குரல்காரர். மோடவுனுக்குப் பாட்டு எழுதித் தயாரித்த ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் கூட்டணி வேண்டுமென்றே அவருடைய குரல் எட்டுகிற உச்சத்தில் மெட்டை வைத்தது. அதனால்தான் ஒவ்வொரு வரியிலும் தொண்டை கிழிகிற அவசரம். அந்தத் தவிப்பு கணக்குப் போட்டு வரவழைக்கப்பட்டது, ஆனாலும் உண்மையாக இருக்கிறது. அடுத்து ஸ்டாக்ஸின் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்'. முப்பதுகளின் பழைய மென்பாட்டு. ஊதுகருவிகள் மெல்லத் தொடங்கிவைக்க, அவர் ஏறத்தாழப் பேசுவது போலப் பாடுகிறார். டிரம்ஸ் வாசிக்கும் அல் ஜாக்சன் அதன் விளிம்பில் கடிகாரம் போல டிக் டிக் என்று இரட்டை வேகத்தில் தட்ட ஆரம்பிக்கிறார். அந்த ஒரு சத்தம் பாட்டின் தரையையே மாற்றிவிடும். கடைசி நிமிடத்தில் வார்த்தைகள் உடைந்து வெறும் கூவலாகிவிடுகின்றன. முதல் பாட்டைக் கட்டினார்கள். இரண்டாவது அந்த அறையில் நடந்தது.

எதை வெளியிடுவது என்று முடிவு செய்த விதத்திலும் இந்த வேறுபாடு உண்டு. மோடவுனில் வெள்ளிக்கிழமை தரக் கட்டுப்பாட்டுக் கூட்டம் நடக்கும், ஓட்டெடுப்பும் உண்டு. கையில் இருக்கும் கடைசி டாலருக்கு இந்த ரெக்கார்டை வாங்குவீர்களா, சாண்ட்விச் வாங்குவீர்களா என்பது கார்டியின் கேள்வி. ஸ்டாக்ஸுக்கு அந்த வேலையைச் செய்தது தியேட்டர் முகப்பில் மிட்டாய் விற்ற இடத்தில் எஸ்டெல் நடத்திய ரெக்கார்டு கடை. புதுப் பதிவைப் போட்டுக்காட்டி, நிற்கிற பிள்ளைகள் ஆடுகிறார்களா என்று பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொல்வார். மோடவுனின் தரக் கட்டுப்பாட்டுக் கூட்டமும் சில சமயம் தவறும். மோடவுன் பாடகர் மார்வின் கேய் பாடிய 'ஐ ஹர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' அந்தக் கூட்டத்தில் தேறவில்லை. 1968-இல் வெளிவந்தபோது அது முதலிடத்துக்குப் போனது.

வாத்தியக்காரர்கள் விஷயத்தில் நான் முழுக்க ஸ்டாக்ஸ் பக்கம். மோடவுனின் ஹிட்டுகளைத் தாங்கிய 'ஃபங்க் பிரதர்ஸ்' குழுவின் பெயர்கள் 1971 வரை உறையில் அச்சாகவே இல்லை. பேஸ் கிட்டாரை எப்படி வாசிப்பது என்று உலகத்துக்கே காட்டியவர் ஜேம்ஸ் ஜேமர்சன், அதுவும் பெரும்பாலும் ஒரே விரலால். அவர் பெயர் தெரியாமலே ஒரு தலைமுறை அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தது. 1972-இல் கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தபோது குழுவில் பெரும்பாலோர் டெட்ராய்டிலேயே விடப்பட்டார்கள். ஸ்டாக்ஸின் வீட்டுக் குழுவான புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் 1962-இலேயே 'கிரீன் ஆனியன்ஸ்' மூலம் தங்கள் பெயரிலேயே நட்சத்திரங்கள். இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். நிறவேறுபாடு ஊறிய மெம்பிஸில் வெளியே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவே இடம் கிடைக்காத காலம் அது. கறுப்பினத்தவர் நடத்திய லொரெய்ன் மோட்டலில்தான் அவர்களால் சேர்ந்து இருக்க முடிந்தது. குழுவின் கிட்டார்காரர் ஸ்டீவ் க்ராப்பரும் பாடகர் எட்டி ஃப்ளாய்டும் 'நாக் ஆன் வுட்' பாட்டை அங்கேதான் எழுதினார்கள். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டதும் அதே மோட்டலில்தான்.

சரி, இப்போது அந்த ஒப்பந்தத் தாளுக்கு வருவோம். 1960-இலிருந்து ஸ்டாக்ஸின் ரெக்கார்டுகளை நாடு முழுக்க விற்றது நியூயார்க்கின் அட்லாண்டிக் ரெக்கார்டு கம்பெனி. முதலில் வாய்ச்சொல், 1965-இல் எழுத்து ஒப்பந்தம். ஸ்டூவர்ட் அதைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். 1967-இல் அட்லாண்டிக் வார்னர் கம்பெனியின் கைக்கு மாறியது. பிரிந்து போகலாம் என்று முடிவெடுத்துத் தாளைப் பிரித்தபோது, அட்லாண்டிக் விற்ற ஸ்டாக்ஸ் பதிவுகளின் மாஸ்டர்கள் எல்லாமே அட்லாண்டிக்குக்குச் சொந்தம் என்று அதில் இருந்தது. ஸ்டாக்ஸில் பாடிவந்த சாம் அண்ட் டேவ் ஜோடியும் உண்மையில் அட்லாண்டிக்கின் ஆட்கள், திரும்பப் போய்விட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1967 டிசம்பர் 10 அன்று, விஸ்கான்சினின் மொனோனா ஏரியில் விமானம் விழுந்து ஓட்டிஸ் ரெட்டிங்கும் ஸ்டாக்ஸின் இன்னொரு வாத்தியக் குழுவான பார்-கேஸில் நால்வரும் இறந்திருந்தார்கள். பாடகர் போனார், பாட்டுகளும் போயின.

அதற்குப் பிறகும் ஸ்டாக்ஸ் எழுந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. ஸ்டாக்ஸின் நிர்வாகி அல் பெல் பொறுப்பேற்று, 1969-இல் ஒரே வீச்சில் 27 ஆல்பங்களை இறக்கினார், கையில் பழைய சரக்கு இல்லாத குறையை ஈடுகட்ட. அதில் ஒன்று பாடகர் ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்ட் சோல்'. மொத்தம் நான்கே பாட்டுகள், ஒன்று மட்டும் 18 நிமிடத்துக்கு மேல். மூன்று நிமிட சிங்கிள்களால், அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டுகளால், வாழ்ந்த சோல் இசை ஆல்பமாக யோசிக்கத் தொடங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 1972 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் வாட்ஸ்டாக்ஸ் நிகழ்ச்சி நடத்தினார்கள். டிக்கெட் ஒரு டாலர், ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். ஆனால் அதே வருடம் சி.பி.எஸ். கம்பெனியோடு போட்ட விநியோக ஒப்பந்தம் கழுத்தை நெரித்தது. வங்கிக் கடனும் சேர, 1975 டிசம்பரில் கதவு சாத்தப்பட்டது. கடைசிவரை காப்பாற்றப் பார்த்த ஸ்டூவர்ட் வீட்டையும் இழந்தார்.

கார்டிக்கும் சண்டைகள் இருந்தன. ராயல்ட்டி தகராறில் ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் வெளியேறினார்கள், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஆனால் சொத்து கையை விட்டுப் போகவில்லை. 1988-இல் லேபிளை 61 மில்லியன் டாலருக்கு விற்றார், பாட்டு உரிமைகளை விற்கவில்லை. 1997-இல் ஜோபெட்டின் பாதியை மட்டும் இ.எம்.ஐ. என்ற இசைக் கம்பெனி வாங்கியது, 132 மில்லியன் டாலருக்கு. பாட்டு உரிமையில் பாதி, முழு லேபிளைவிட இரண்டு மடங்கு விலை. ஜாக்கி வில்சன் காலத்தில் கற்ற பாடத்துக்கு வந்த வட்டி என்றே இதைச் சொல்லலாம்.

ஊருக்கு மிஞ்சியது என்ன என்று பார்த்தால், டெட்ராய்டில் அந்த வீடு 1985 முதல் அருங்காட்சியகம். மெம்பிஸ் தியேட்டரை 1989-இல் இடித்தேவிட்டார்கள். பிறகு அதே மனையில் பழைய முகப்போடு திரும்பக் கட்டி 2003-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பக்கத்திலேயே இசைப் பள்ளியும் நடக்கிறது, அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இசைக் கம்பெனி நடத்த நினைப்பவர் மோடவுனைப் படிக்கட்டும். கேட்பதற்கு என்றால் நான் ஸ்டாக்ஸைத்தான் முதலில் எடுப்பேன், குறிப்பாக 1965 முதல் 1967 வரை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மட்டும் வரிசையை மாற்றச் சொல்வேன்: முதலில் மோடவுனின் சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ் குழுக்களின் சிங்கிள்கள், அப்புறம் ஓட்டிஸ், பிறகு 'ஹாட் பட்டர்ட் சோல்', அதற்கடுத்து மார்வின் கேயின் 1971 ஆல்பம் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. ஸ்டாக்ஸை முழுசாகச் சேர்க்க நினைத்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1968-க்கு முந்தைய பாட்டுகள் பெரும்பாலும் வார்னர் தொகுப்புகளில் கிடைக்கும். அதற்குப் பிந்தையவை கான்கார்ட் கம்பெனியிடம் இருக்கின்றன. ஒரே பெட்டியில் இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம்.