பிஸ்டன் பைபாஸ் வால்வுக்கு கிரீஸா, ஆயிலா?

டர்போ காரில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் மிஞ்சும் அழுத்தக் காற்றைத் திருப்பிவிடுவது பைபாஸ் வால்வு. தனியாக வாங்கி மாட்டிய பிஸ்டன் வகை வால்வைக் கழற்றினால், உள்ளே பிசுபிசுவென்று கருப்புப் படலம் இருக்கும். அதைத் துடைத்தபின் எதைத் தடவுவது?

உழைப்பு: சிலிகான் கிரீஸ் நின்று உழைக்கும். மெல்லிய ஆயில் சீக்கிரம் வழிந்துவிடும்.

வேகம்: ஆயிலில் பிஸ்டன் சட்டென நகரும். கிரீஸை அப்பினால் மந்தமாகும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் காற்று, அதை அழுத்தி அனுப்பும் டர்போவின் கம்ப்ரசர் பக்கமே திரும்பி அடிக்கும். தயவுசெய்து அப்பாதீர்கள், மெல்லிய பூச்சு போதும்.

ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்): நைட்ரைல் அல்லது விட்டான் (Viton) வகை ரப்பர் என்றால் கிரீஸ், ஆயில் இரண்டும் சரி. சிலிகான் ஓ-ரிங்கை சிலிகான் கிரீஸ் உப்ப வைத்துவிடும்.

தினமும் ஓடும் காருக்கு கிரீஸ். டிராக்கில் ஓட்டி, அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்பவருக்கு ஆயில். மாட்டும் முன் பிஸ்டனை விரலால் அழுத்திவிடுங்கள். ஸ்பிரிங் எங்கும் சிக்காமல் திருப்பித் தள்ள வேண்டும்.