முதற்காசு இடப்பக்கம் நிற்கட்டும்: ஜே மொழியோடு 6 வருடம்

கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் இருந்துகொண்டு 6 வருடமாக ஜே (J) என்ற கணினி நிரல் மொழியில் கணக்குப் பார்க்கிறேன். நெல் விற்றது, உரம் வாங்கியது, அயலவர்களின் கடன் தவணை அட்டை எல்லாம் அதில்தான். ஏபிஎல் (APL) என்ற பழைய நிரல் மொழிக்கு வித்திட்ட கென்னத் ஐவர்சனும் ரோஜர் ஹுயியும் 1990இல் தொடங்கிய மொழி இது. பழைய மடிக்கணினியிலும் இணையம் இல்லாமலே ஓடுகிறது. என்னை இதில் பிடித்து வைத்திருப்பது ^: என்ற ஒரே குறி.

ஒரு வினையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது அந்தக் குறி. (சார்பை ஜேயில் 'வினை' என்றே சொல்வார்கள்.) எத்தனை தடவை என்பதை 0 1 2 3 என்று வரிசையாகக் கொடுத்தால் நான்கு விடையும் வரிசையாக வரும். 0 தடவை என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவது. அதனால் போட்ட எண் அப்படியே முன்னால் நிற்கும். (மேல் வரி நான் எழுதும் கட்டளை, கீழ் வரி விடை.)

(1.02 * ])^:(0 1 2 3) 60000
60000 61200 62424 63672.5

இது 60,000க்குச் சுற்றுக்கு 2 வீதம் (1.02ஆல் பெருக்குவது), வட்டிக்கு வட்டி. வலப்பக்கத்து எண்ணைக் காட்டுவது ], அது சுற்றுக்குச் சுற்று மாறும். இடப்பக்கத்து எண்ணைக் காட்டுவது [, அது மாறவே மாறாது. கடைசியில் ~ போட்டால் ஒரே எண் இரண்டு பக்கமும் போய் உட்காரும்:

(] + 0.02 * [)^:(0 1 2 3)~ 60000
60000 61200 62400 63600

இப்போது வட்டி எப்போதும் முதற்காசுக்குத்தான். இரண்டு கட்டளைக்கும் இடையில் உள்ள முக்கிய வித்தியாசம் ஒரு [ உம் ஒரு ~ உம். முன்பு வேறு மொழியில் சுழற்சி எழுதிய காலத்தில், மீதியையும் முதற்காசையும் ஒரே மாறியில் (எண்ணை வைக்கும் ஒரே பெயரில்) வைத்து, முதற்காசு அழிந்துபோனது தெரியாமல் ஒருவருக்குப் பிழையான கணக்குச் சொல்லியிருக்கிறேன். அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நுண்கடன் அட்டையைக் கொண்டுவந்தார். 60,000 ரூபா, 12 மாதம், மாத வட்டி 2 வீதம், தவணை 6,200. பன்னிரண்டு கட்டத்தில் ஆறில் கையெழுத்து இருந்தது. "தம்பி, அரைவாசி கட்டிட்டன். வட்டி ஏன் இன்னும் குறையேல்லை?" என்று கேட்டார்.

கடன் கொடுத்தவர்கள் செய்வது மேலே உள்ள இரண்டாவது கட்டளை. மாதாமாதம் முழு 60,000க்கும் 1,200 வட்டி. மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் எப்படி இருக்கும் என்று, தவணையை இடப்பக்கம் வைத்து ஓடவிட்டேன்:

6200 ((1.02 * ]) - [)^:(0 1 2 3 4 5 6) 60000
60000 55000 49900 44698 39392 33979.8 28459.4

ஆறு தவணை கட்டிய பிறகு மீதி 28,459. ஏழாம் மாத வட்டி 569 ரூபாதான் வரவேண்டும். 11ஆம் தவணையோடு கடனே முடிந்துவிடும், மொத்த வட்டி கிட்டத்தட்ட 7,356. அட்டைப்படி 14,400. வெறும் கடைசி விடை வந்திருந்தால் இதை அக்காவுக்குக் காட்டியிருக்க முடியாது. ஒவ்வொரு மாத மீதியும் அவர் கையெழுத்து வாங்கிய கட்டத்துக்கு நேரே நின்றதால்தான் விரல் வைத்துப் பார்த்தார்.

குறைகளும் உண்டு. முதலில், எண்ணை வழக்கமாக 6 இலக்கத்துக்குத்தான் காட்டும், மேலே 63672.48 என்பது 63672.5 ஆனது அதனால்தான். காசுக் கணக்குக்கு அந்த அமைப்பை மாற்றியே ஆகவேண்டும். அப்புறம், எது இடம், எது வலம் என்பது பழக ஒரு வருடம் போனது. நான் எழுதிய வரியை வேறு ஒருவர் வாசிப்பதும் லேசில்லை, பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதி வைக்கிறேன்.

ஏபிஎல் வழியில் வந்த பிகியூஎன் (BQN) மொழியில் ⍟ இதே வேலையைச் செய்கிறது, எண் வரிசையையும் ஏற்கிறது. ஏபிஎல்லின் ஒரு வடிவமான டையலொக் ஏபிஎல்லின் ⍣ குறிக்கு ஒரு தடவையில் ஓர் எண்தான். இடைவிடைகள் வேண்டும் என்றால் அது எனக்குச் சரிவராது.

அக்கா அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். "அந்த ஏழு எண்ணையும் இதில எழுதித் தா தம்பி. வியாழக்கிழமை அவங்கள் வருவாங்கள்." பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன், 60,000இல் இருந்து.