ஏரேட்டர் நிற்கும்போது ரீசெட் ஆகும் பலகை: ஸ்னப்பரா, வேரிஸ்டரா, ஆப்டோகப்ளரா?

தொண்டிக்குத் தெற்கே ஓர் இறால் பண்ணையில், ஏரேட்டர்களை (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் மோட்டார் கருவிகளை) நேரம் பார்த்து இயக்குவதற்காக ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சில்லு உள்ள மின்னணுப் பலகை ஒன்றைப் பொருத்தினேன். மோட்டார் ஓடத் தொடங்கும்போது ஒரு குறையும் இல்லை. நிற்கும்போதுதான் எல்சிடி திரையில் எழுத்துகள் சிதைந்தன, சில வேளை பலகையே ரீசெட் ஆனது. குளத்து நீரில் ஆக்ஸிஜன் மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன்பு என்பதால், அந்த நேரத்தில் இந்தக் கோளாறு வந்தால் பண்ணைக்காரரின் ஒரு பருவத்து உழைப்பே போய்விடும்.

மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு கான்டாக்டரை (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்தும் அறுத்தும் விடும் பெரிய மின்காந்த சுவிட்சை) மட்டும் இயக்கிப் பார்த்தேன். அப்போதும் திரை சிதைந்தது. அதாவது, குற்றம் மோட்டாருடையது அன்று, கான்டாக்டரின் காயிலுடையது (அதை இழுக்கும் கம்பிச்சுருளுடையது). காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைப் பலகை இயக்கும் ரிலே (சிறிய மின்காந்த சுவிட்ச்) அறுக்கும்போது, அதில் தேங்கிய ஆற்றல் போக வழியின்றிப் பல நூறு வோல்ட்டாக எழும்பி, ரிலே முனைகளுக்கிடையே பொறியாகிறது. அந்தப் பொறி அணைந்தும் பற்றியும் எழுப்பும் மிக விரைவான துடிப்புகள் பக்கத்து வயர்களில் தொற்றிச் சில்லை எட்டுகின்றன.

இதை எழும் இடத்திலேயே அடக்க இரண்டு வழிகள் உண்டு. 275 வோல்ட் ஏசிக்கு உரிய வேரிஸ்டர் (மின்னழுத்தம் மிகுந்தால் கடத்தத் தொடங்கும் பாகம்), மின்னழுத்தம் ஏறத்தாழ 700 வோல்ட்டைத் தாண்டாமல் வெட்டுகிறது. ஆனால் அந்த அளவு வரை அது ஏறும் வேகத்தைத் தடுப்பதில்லை. பக்கத்து வயரில் தொற்றுவதோ அந்த வேகம்தான். 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்த ஸ்னப்பர், ஏற்றத்தையே மெதுவாக்குகிறது. ஆகவே காயிலின் இரு முனைகளில் நான் ஸ்னப்பரைத்தான் வைப்பேன். வேரிஸ்டரின் இடம், இடி மின்னலை எண்ணி, ஃபியூஸுக்குப் பின் மின்சாரம் நுழையும் வாயில். ஸ்னப்பரைக் காயிலில் வைக்காமல் ரிலே முனைகளின் குறுக்கே வைத்தால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 7 மில்லியாம்பியர் எப்போதும் கசிந்து, சிறிய காயிலை விடுபடவிடாமல் பிடித்துவைக்கக்கூடும். டிசி காயில் என்றால் 1என்4007 டயோடு ஒன்றே போதும். ஏசி காயிலில் அதை வைத்தால் ஷார்ட்டாகிவிடும்.

ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சைகையைக் கடத்தி இரு சுற்றுகளைப் பிரிக்கும் பாகம்) உள்ள ரிலே மாட்யூலை வாங்கியவுடன் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். மாட்யூலின் ஜேடி-விசிசி ஜம்பர் (ரிலே காயிலின் சப்ளையைச் சில்லின் சப்ளையோடு இணைக்கும் சிறு செருகி) போட்டபடியே இருந்தால், ரிலே காயிலுக்கும் சில்லுக்கும் ஒரே 5 வோல்ட், ஒரே கிரவுண்டு, பிரிப்பு பெயரளவில்தான். ஜம்பரைக் கழற்றித் தனி சப்ளை கொடுத்தால் பயன் உண்டு, ஆயினும் வயருக்கு வயர் காற்றுவழி தொற்றுவதை அது நிறுத்தாது. கான்டாக்டர் காயிலை இயக்க சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் முனைகள் இல்லாத, குறைகடத்தியால் ஆன ரிலே) இதைவிட மேல், ஏனென்றால் அது மின்னோட்டம் சுழியாகும் கணத்தில் அணைவதால் பொறியே எழுவதில்லை. பழுதானால் பெரும்பாலும் ஷார்ட்டாகி, அணையாமல் நின்றுவிடும் என்பது அதன் குறை. ஏரேட்டரைப் பொறுத்தவரை, நிற்பதைவிட ஓடிக்கொண்டே இருப்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய பழுது.

உலோகப் பெட்டியை இந்தக் கரையில் நான் பரிந்துரைப்பதில்லை. உப்புக்காற்றில் திருகு துளைகளில் துரு ஏறி எர்த் தொடர்பு போய்விட்டால், கவசம் கவசமாக இராது. நீர்மட்டத்தை உணரும் மிதவை சுவிட்சின் வயரை முறுக்கி, 415 வோல்ட் மோட்டார் வயர்களோடு ஒரே குழாயில் இழுக்காமல் தனியாகக் கொண்டுபோவது செலவில்லாத, உறுதியான வழி. சில்லின் ரீசெட் காலுக்கு (பின்னுக்கு) 10 கிலோ ஓம் புல்-அப்பும், அதாவது அதை 5 வோல்ட்டில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டரும் வேண்டும். சில்லுக்குள் இருப்பது 30 முதல் 60 கிலோ ஓம் என்பதால் வலு குறைவு.

வாட்ச்டாக் (நிரல் உறைந்துபோனால் சில்லைத் தானாக ரீசெட் செய்யும் உள் டைமர்) மட்டும் போதும் என்பாரோடு நான் உடன்படவில்லை. இந்தச் சில்லில் அதை 16 மில்லிவினாடி முதல் 8 வினாடி வரை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் ரீசெட் ஆன கணத்தில் கால்கள் உள்ளீடாக மாறுவதால் ரிலே விடுபடுகிறது, அதனால் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற கான்டாக்டர்களும் விழுகின்றன, அந்த விழுதலே அடுத்த துடிப்பை எழுப்புகிறது. ஸ்னப்பர் வைக்காத நாள்களில் என் பலகை இப்படித்தான் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது.