ப்ளெனிமா, சாட்ஸ்வொர்த்தா?

லண்டன் வருகிற சொந்தக்காரர்கள் "ஒரு பிரபு மாளிகை பார்க்கணும், எதுக்குப் போகலாம்?" என்று கேட்டால் பேச்சு கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். ஒரே நாள்தான், கார் கிடையாது என்றால் யோசிக்கவே வேண்டாம், ப்ளெனிம். ஆக்ஸ்ஃபோர்டு வரை ரயில், அங்கிருந்து வுட்ஸ்டாக் பக்கம் போகும் பஸ், முடிந்தது. சாட்ஸ்வொர்த் வடக்கே டெர்பிஷயரில் இருக்கிறது; செஸ்டர்ஃபீல்டில் இறங்கி, அப்புறம் பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். அலைச்சல்தான்.

கட்டடம் என்று பார்த்தால் ப்ளெனிம் மிரட்டும். 1704-இல் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்ல்பரோ பிரபுவுக்கு அரசி கொடுத்த பரிசு, அதனால் வீடு மாதிரி இல்லாமல் வெற்றித்தூண் மாதிரிதான் நிற்கிறது. பிரபுவின் மனைவி சேராவுக்கும் கட்டிய வான்ப்ரோவுக்கும் ஆகவே ஆகாது. பின்னாளில் வான்ப்ரோ பார்க்க வந்தபோது சேரா உள்ளேயே விடவில்லை! சர்ச்சில் 1874-இல் பிறந்த அறையும் இங்கேதான், அவ்வளவு பெரிய அரண்மனையில் அது ஒரு சின்ன அறை.

ஆனால் தோட்டத்துக்காகப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு சாட்ஸ்வொர்த்துக்குத்தான். இரண்டு இடத்திலும் கை வைத்தவர் அந்தக் காலத்துப் பெரிய தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன். ப்ளெனிமில் ஓடையை மறித்து ஏரியாக்கினார், வான்ப்ரோ கட்டிய பாலத்தின் கீழ் அறைகள் தண்ணீருக்குள் போய்விட்டன, அந்தக் காட்சி அழகு, மறுக்கவில்லை. சாட்ஸ்வொர்த்திலோ தண்ணீரே விளையாட்டு: மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும்படி கட்டிய அருவி, 1844-இல் ரஷ்ய சக்கரவர்த்தி வருவார் என்று தலைமைத் தோட்டக்காரர் பாக்ஸ்டன் அவசர அவசரமாக அமைத்த நீரூற்று. பம்ப் எதுவும் கிடையாது, மேலே வெட்டிய குளத்திலிருந்து குழாயில் இறங்கும் வேகத்திலேயே 296 அடி வரை பீய்ச்சியிருக்கிறது. சக்கரவர்த்தி வரவே இல்லை, அது வேறு கதை.

இன்னொன்று, நாம் ஜி9 என்று வாங்குகிற வாழைப்பழம் கேவண்டிஷ் வகை. அந்தப் பெயர் சாட்ஸ்வொர்த் வீட்டுக் குடும்பத்தின் பெயர். 1830-களில் பாக்ஸ்டன் இங்கே கண்ணாடி வீட்டில் வளர்த்த வாழையிலிருந்து வந்தது.

இரண்டு நாள் கையில் இருந்தால் சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்து ஊரான பேக்வெல்லில் தங்குங்கள். டிக்கெட் வாங்காமலே மாளிகையின் ஆற்றங்கரைப் புல்வெளியில் ஆடுகளோடு நடக்கலாம். நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், புல்லெல்லாம் ஆட்டுப் புழுக்கை.