பாமினி காணாமல் போனால் ஹட்டனில் எங்கே போவது?

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் சின்னதாக ஒரு டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். மரண அறிவித்தல், தோட்டக் கோயில்களின் திருவிழா நோட்டீஸ், தவணைப் பரீட்சை வினாத்தாள், காதுகுத்து அழைப்பிதழ், தேர்தல் நெருங்கினால் துண்டுப்பிரசுரம். இதுதான் பிழைப்பு. கொம்பியூட்டர் பழுதானால் பார்க்க ஆள் நிறைய இருக்கிறார்கள். எழுத்து பழுதானால், அதாவது பாமினி மாதிரியான தமிழ் எழுத்துரு (ஃபொன்ட்) காணாமல் போனால், பார்க்கத் தெரிந்தவர் இந்த மலையில் அபூர்வம். அப்படி ஒருவர் ஹட்டனில் கடை வைத்திருக்கிறார். பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாங்கக்கா, இருக்கிற வேலையே முடிக்க முடியல" என்றார். ஆகவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எழுத்துரு பார்க்கிற தம்பி கடை என்று எந்த போட்டோ கொப்பி கடையில் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். கீழே ஃபோன் கடை, மேலே இவர். படி செங்குத்து. மழை நாளில் வழுக்கும். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் பார்த்து ஏறவும்.

முதலில் பிரச்சினை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இது பலருக்கும் நடந்திருக்கும். வின்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்ததல்லவா, அதற்குப் பிறகு ஆளாளுக்கு 11-க்கு மாறத் தொடங்கினோம். நான் வேறொரு ஊரில், வேறொரு கடையில் கொடுத்தேன். மேம்படுத்தித் தாருங்கள் என்றுதான் சொன்னேன். அவர்கள் புதிதாகவே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஃபைல் எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருந்தது. ஆனால் திறந்தால் தமிழ் இல்லை. 'தமிழ்' என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஒரு முழு மாரியம்மன் திருவிழா நோட்டீஸ், காப்புக் கட்டுவதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரைக்கும், இப்படியே கிடந்தது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, வைரஸா இருக்கும்" என்று பதில். வைரஸ் பார்க்கத் தனிக் காசு வேறு.

ஹட்டன் தம்பியிடம் ஃபோனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு. "அந்த நோட்டீஸோட பழைய பிரிண்ட் ஒண்ணு இருக்காக்கா? இருந்தா அதையும் கொண்டு வாங்க." மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கடைக்கு நான் மதிப்பெண் கொடுப்பது அந்த ஒரு கேள்விக்காக. காகிதத்தில் எப்படி இருந்தது என்று பார்க்காமல் திரையில் இருப்பது சரியா பிழையா என்று எப்படிச் சொல்வது? மற்றக் கடைகளில் வின்டோஸ் ஓடினால் வேலை முடிந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர் எழுத்தைச் சரிசெய்தால், ஏதோ ஒரு தமிழ் திரையில் தெரிந்ததும் முடிந்தது என்று பில் போட்டுவிடுவார்.

அவர் திரையைப் பார்த்து எனக்குச் சொன்னதை என் பாஷையில் தருகிறேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பாமினி மாதிரியான பழைய எழுத்துரு இல்லை என்று அர்த்தம், ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சதுரம் சதுரமாகத் தெரிந்தால் அது யூனிகோட் எழுத்து (தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு உள்ள இன்றைய முறை), அதை வரைய அந்த எழுத்துருவில் வடிவம் இல்லை. கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நின்றாலோ, நடுவில் புள்ளி வட்டம் வந்தாலோ எழுத்துரு இருக்கிறது, மென்பொருளுக்குத்தான் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. இந்த மூன்றையும் கண்ணால் பிரித்தாலே பாதி வேலை முடிந்ததாம்.

பாமினி விஷயம் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், இலங்கையில் தமிழ் டைப் அடித்தவர்கள் பெரும்பாலும் அதில்தானே வளர்ந்தோம். காமன் கூத்தில் ரதிக்கு ஆண்பிள்ளை வேஷம் கட்டுவார்களே, அந்த மாதிரி. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தெரிவது தமிழ் வேஷம். ஜே விசையைத் தட்டினால் ஃபைலில் பதிவாவது ஜேதான். பாமினி அதற்குத் 'த' வடிவத்தை வரைந்து காட்டுகிறது. பாமினி இல்லாத மெஷினில் வேர்ட் அதை வேறோர் ஆங்கில எழுத்துருவில் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துருவைத் திரும்பப் போட்டால் தமிழ் திரும்பி வந்துவிடும். வைரஸ் என்று பயந்து ஃபைலை அழித்தவர்கள் இருப்பார்களோ என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, இணையத்தில் பாமினி இலவசமாகக் கிடைக்கிறதே, இறக்கிப் போட்டால் ஆகாதா? ஆகும், ஓரளவுக்கு. நான் இறக்கிய பாமினியில் வரிகள் எல்லாம் ஓர் அங்குலம் தள்ளி நின்றன. உபயகாரர் பெயர்கள் இரண்டு நிரலாக அடித்திருந்தது குலைந்து, ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவருடைய தோட்ட டிவிஷன் வந்துவிட்டது. திருவிழா நோட்டீஸில் பெயர் மாறினால் என்ன நடக்கும் என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி என்ன செய்தார் தெரியுமா? சி டிரைவில் 'வின்டோஸ் டொட் ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர் கிடந்தது. புது வின்டோஸ் போடும்போது டிரைவை அழிக்காமல் போட்டிருந்தால் பழைய வின்டோஸ் முழுவதும் அதற்குள் இருக்குமாம். அதன் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் என் பழைய பாமினி, அதோடு நான் மறந்தே போயிருந்த அலங்கார எழுத்துருக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. இதில் அவசரம் ஒன்று உண்டு. வின்டோஸை மேம்படுத்திப் 10 நாள் ஆனதும் வின்டோஸ் அந்த ஃபோல்டரைத் தானாகவே அழித்துவிடும். எழுத்து காணவில்லை என்றால் அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது ஒரு வேடிக்கை. வேர்டில் பாமினி தெரிகிறது, நான் நோட்டீஸ் வடிவமைக்கிற பழைய டிசைன் மென்பொருளில் தெரியவில்லை. அந்த மென்பொருளைக் கழற்றி மாட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுத்துரு ஃபைலின்மேல் வலது கிளிக் செய்து, 'இன்ஸ்டோல் ஃபோர் ஆல் யூசர்ஸ்' என்பதைத் தட்டினார், வந்துவிட்டது. 2018-ஆம் ஆண்டுப் பதிப்புகளிலிருந்து வின்டோஸில் சும்மா 'இன்ஸ்டோல்' கொடுத்தால் எழுத்துரு அந்த ஒரு பயனரின் கணக்குக்குள் மட்டும் போய் உட்காரும். பொதுவான ஃபொன்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் தேடுகிற பழைய மென்பொருள்கள் அதைக் காணாது. எல்லோருக்குமாகப் போட்டால் அந்தப் பொது ஃபோல்டருக்குப் போகிறது. இதைச் சொல்லித் தந்ததற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

நான் இறக்கிய பாமினியும் பழைய பாமினியும் ஒரே பெயரில் இருந்ததால் சில இடங்களில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. அதற்கு இறக்கியதை நீக்கி, வின்டோஸின் ஃபொன்ட் கேஷ் சேவையை நிறுத்தி, அது சேமித்து வைத்திருந்த ஃபைல்களை அழித்து, மெஷினை மறுபடி இயக்கினார். இதை வீட்டில் செய்து பார்க்கலாம்தான், ஆனால் எந்த ஃபோல்டரில் எதை அழிப்பது என்று தெரியாமல் கைவைக்க வேண்டாம்.

வினாத்தாள் கதை வேறு. பாடசாலைகளுக்கு நான் யூனிகோடில்தான் அடிக்கிறேன், லதா எழுத்துருவில். நான்கு பக்கத்தில் முடிய வேண்டிய தரம் ஐந்து வினாத்தாள் ஐந்தாம் பக்கத்துக்கு ஒழுகியிருந்தது. தமிழ் ஒழுங்காகவே தெரிகிறது, ஆனால் அளவு வேறு. லதா இல்லாததால் நிர்மலா என்ற வேறோர் எழுத்துரு அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. வின்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த லதாவும், 7-இல் சேர்ந்த விஜயாவும் வின்டோஸ் 10-இலிருந்து விருப்பத் தொகுப்புக்குப் போய்விட்டன. செட்டிங்ஸில் 'ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய், 'தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸ்' என்று தேடிச் சேர்த்தால் இணையத்திலிருந்து இறங்கும். சிங்களத்துக்கும் இதே கதைதான். பிரதேச செயலகப் படிவங்களைச் சிலர் என்னிடம் நிரப்பக் கொண்டு வருவார்கள், அதிலிருக்கும் இஸ்கோல பொத எழுத்துருவும் இப்படித் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். அவர் கேட்காமலே அதையும் போட்டுவிட்டார். பக்கம் நான்காகச் சுருங்கியதும் பழைய பிரிண்டை எடுத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார்.

திரையில் எழுத்து மங்கலாக இருந்ததற்கு டிஸ்ப்ளே ஸ்கேலையும் கிளியர்டைப்பையும் சரிசெய்தார். அது சின்ன வேலை.

இனிக் குறை. இவருக்கு யூனிகோட் பைத்தியம். பழைய பாமினி ஃபைல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், அடுத்த வின்டோஸ் வரும்போது திரும்பவும் இதே அழுகை வேண்டாம் என்கிறார். பேச்சு நியாயம்தான். ஆனால் மாற்றிக் கொடுத்ததைப் பாருங்கள். ர், ரி வருகிற இடங்களில் கீழே கோடில்லாமல் அழகாக வரவேண்டும் என்பதற்காகத் துணைக்கால் விசையைத் தட்டுவது பாமினிக்காரர்களின் பழைய பழக்கம். காகிதத்தில் வித்தியாசமே தெரியாது. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இயந்திரம் அதைத் துணைக்காலாகவே எடுத்துக்கொள்கிறது. விளைவு, மாரியம்மனில் ரகரமே இல்லை. ஒரு பார்வைக்குச் சரியாகத் தெரியும், ஃபைலில் 'மாரியம்மன்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. இன்னொன்று, பாமினி வரிகளுக்கிடையே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து மாறி, எந்த மொழியிலும் சேராத ஏதோ ஒன்றாகி நின்றது. எல்லாமே உள்ளே ஆங்கில எழுத்து என்பதால் இயந்திரத்துக்கு எது பாமினி, எது நிஜ ஆங்கிலம் என்று தெரிவதில்லை. இதைத் தம்பி முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துக்கு 60 ரூபா வாங்குகிறவர் பிழை பார்த்துக் கொடுக்க வேண்டாமா? கேட்டதற்கு, "ப்ரூஃப் பாக்கிறதுக்கு ஆள் இல்லக்கா, நீங்களே பாத்துக்கங்க" என்றார். வினாத்தாள்களை மட்டும் மாற்றிக்கொண்டேன். நோட்டீஸ்கள் பாமினியிலேயே இருக்கட்டும். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துரு உள்ளே பதிந்த பீடிஎஃப் ஆக்கி அனுப்பினால் அங்கே பாமினி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

இன்னும் சில குறைகள் உண்டு. ரசீது தருவதில்லை, கேட்டால் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார். உட்கார ஒரே கதிரை, அதிலும் யாருடைய பிரிண்டரோ இருக்கும். ஃபோன் எடுப்பது அரிது. ஹார்ட் டிஸ்க், திரை, கீபோர்ட் மாதிரி வேலைகளுக்கு இவரிடம் போக வேண்டாம், வாங்கி வைத்துக்கொண்டு இழுத்தடிப்பார் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒரு பக்கம் பிரித்துப் போட்ட லெப்டொப்கள் குவிந்து கிடக்கின்றன.

எனக்கு எழுத்துரு வேலை முழுவதற்கும் 1,800 ரூபா எடுத்தார், மாற்றிய பக்கங்களுக்குத் தனிக் கணக்கு. என்னைக் கேட்டால் முதலாவது தொகை மலிவு, இரண்டாவது அதிகம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கலாம், அந்த ப்ரூஃப் விஷயத்துக்காகத்தான் ஐந்தில் ஒன்றைக் கழித்தேன்.

போகிறவர்கள் காலையில் கடை திறந்த கையோடு போங்கள், பின்னேரம் டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க நிறைந்துவிடுவார்கள். ஃபைலைப் பென் டிரைவில் மட்டும் கொண்டுபோனால் போதாது, எழுத்து காணாமல் போன அதே லெப்டொப்பும் வேண்டும், சார்ஜரும் வேண்டும். பழைய பிரிண்ட் ஒன்று கட்டாயம். அது இல்லாமல் போன என் அண்ணி மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.