சர்ச்ல நடக்குற கத்தோலிக்கக் கல்யாணப் பூசைக்கு வெளில இருந்து மியூசிக் டீம் புக் பண்றவங்க கொஞ்சம் இதப் படிங்க

தங்கச்சி கல்யாணம் போன மாசம் தூத்துக்குடில முடிஞ்சுது. மண்டபம், சாப்பாடு எல்லாம் குறையே இல்ல, கோயில்ல பாட்டுதான் சொதப்பல். பேர் சொல்லல, ஆனா "லைவ் வெட்டிங் கொயர்"னு (கொயர்னா சர்ச்ல பாடுற குழு) இன்ஸ்டால ரீல்ஸ் போடுறவங்கள நம்பி அட்வான்ஸ் போட்றாதீங்க.

பேசினது 40,000. எட்டு பேர் பாடுவாங்க, வயலின், கீபோர்டு, தபேலா எல்லாம் லைவ்னு சொன்னாங்க. வந்தது மூணு பேரும் ஒரு லேப்டாப்பும். கேட்டா "மத்தவங்க வாய்ஸ் ட்ராக்லயே இருக்கு அண்ணாச்சி, வித்தியாசமே தெரியாது"ங்கான். முழுப் பணமும் பூசைக்கு முன்னாடியே கைல வந்தாதான் மைக்க ஆன் பண்ணுவேன்னு வேற நின்னுட்டான், அந்த நேரத்துல யாரு சண்டை போடுவா, குடுத்துட்டோம்.

பூசைல பாட்டு சடங்குக்கு ஏத்த மாதிரி நீளணும், சுருங்கணும், ட்ராக்குக்கு அது எங்க தெரியும்? காணிக்கை எல்லாம் வாங்கி வச்சுட்டு ஃபாதர் பீடத்துல காத்துக்கிட்டு நிக்கார், இவங்க ட்ராக்ல ரெண்டாவது சரணம் ஓடிக்கிட்டிருக்கு. நன்மை (ஃபாதர் குடுக்குற அப்பம்) வாங்குற நேரம் நேர்மாறு, பாதி வரிசை நிக்கும்போதே பாட்டு முடிஞ்சு போச்சு, அடுத்து என்னத்தப் போடன்னு ஃபோல்டர் ஃபோல்டரா தேடுறாங்க. நல்ல கொயர்னா பீடத்தப் பாத்துக்கிட்டே பாடும், ஆள் நின்னா இன்னொரு சரணம், இல்லன்னா பல்லவியோட நிறுத்திரும். ரெக்கார்ட் பண்ணின இசைய வழிபாட்டுல ஓட்டக்கூடாதுன்னு ரோம் 1958லயே சொல்லியாச்சு, இவங்க அதக் கேள்விப்பட்டதே இல்ல.

முதல் பைபிள் வாசகத்துக்கு அப்புறம் பாடுற பதிலுரைப் பாடல்னு ஒண்ணு இருக்கதே தெரியல! வாசகம் முடிஞ்சதும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்காங்க, கடைசில எங்க சித்தி எந்திரிச்சுப் போய் மைக்க வாங்கிப் பாடி சமாளிச்சாங்க. தாலி கட்டும்போது சினிமா பிஜிஎம், ஃபாதரே கையக் காட்டி நிறுத்தச் சொன்னார். பொண்ணு உள்ள வரும்போது வழக்கமா எல்லாரும் போடுற அந்த "டன் டன் டடான்" வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லியிருந்தோம், அதையும் போட்டாங்க. அது 1850ல மேடையேறின ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரோட லோஹன்கிரின்ங்கிற ஓபராவுல (பாட்டாவே நடக்குற நாடகம்) வர்றது, கதைப்படி அந்தக் கல்யாணம் அன்னிக்கு ராத்திரியே முறிஞ்சிரும், அதத்தான் நாம ஆசை ஆசையா போட்டுக்கிட்டிருக்கோம்.

மொதல்ல உங்க பங்குக் கொயர், அதாவது உங்க ஊர் சர்ச்சோட கொயர் கிட்ட கேளுங்க, அவங்களுக்கு கோயில் மைக்கும் தெரியும் ஃபாதரோட வேகமும் தெரியும். வெளி டீம்தான்னா வருகைப் பாடல்ல இருந்து நன்றிப் பாடல் வரைக்கும் லிஸ்ட் எழுதி வாங்கி பங்குத்தந்தை கிட்ட காட்டிருங்க. ரீல்ஸ் பாக்காதீங்க, ஒரு முழுப் பூசையோட எடிட் பண்ணாத வீடியோ கேளுங்க. பாதிப் பணம் பூசை முடிஞ்சப்புறம்தான்னு மெசேஜ்லயே பேசிருங்க.

பணத்தத் திருப்பிக் கேட்டா ஃபோன எடுக்கல. ஆனா எங்க கல்யாண வீடியோவ அவங்க பேஜ்ல போட்டிருக்காங்க, பாட்டு மட்டும் வேற யாரோ பாடினது.